முயல் வளர்க்கும் வாசலில் எந்தப் பூச்செடி?

நானுஓயா புகையிரத நிலையத்தில் இறங்கி நுவரெலியா நோக்கிச் செல்லும் எவரும் பாதையின் இரு மருங்கிலும் பூத்திருக்கும் மலர்களைக் காணத் தவறுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ள இப்பிரதேசத்தின் குளிர்ந்த காலநிலை பூச்செடிகளுக்கு ஒரு வரப்பிரசாதமாகும். பங்களாத் தோட்டங்களில் மட்டுமன்றி, லயன் அறைகளின் வாசலில் தகரப் பேணிகளிலும் உடைந்த வாளிகளிலும் கூட மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன. அதே வாசலில், பலகையாலும் கம்பி வலையாலும் அடித்த சிறு கூட்டினுள் பிள்ளைகள் ஆசையுடன் வளர்க்கும் முயல்களையும் காண்கின்றோம். நகரப்புறங்களில் கடைகளுக்கு மேலுள்ள மாடி வீடுகளில், முயலும் சாடிச் செடியும் ஒரே கூடத்தில் இருப்பதும் உண்டு.

நேற்று வரை துள்ளித் திரிந்த முயல் திடீரென உண்ண மறுத்து, கூட்டின் மூலையில் ஒடுங்கி, மறுநாட் காலையில் இறந்து கிடந்தால் நாம் என்ன சொல்கின்றோம்? "குளிர் தாங்கவில்லை" என்று கூறிப் புதைத்து விடுகின்றோம். உண்மையில், காற்றும் ஈரமும் படாத உலர்ந்த கூட்டில் உள்ள முயல், வெப்பத்தை விடக் குளிரையே நன்கு தாங்கக்கூடிய பிராணியாகும். எனவே குளிரின் மீது பழியைப் போடுவதற்கு முன்னர், அது இறுதியாக எதைத் தின்றது என்று கேட்பதே முறையாகும். அதற்கான விடை சில வேளைகளில் வாசலில் உள்ள பூச்சாடியிலேயே இருக்கக்கூடும்.

"வாயில்லாச் சீவனுக்கு எதைத் தின்பது, எதை விடுவது என்று தெரியும்" என்ற நம்பிக்கை எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. காட்டில் வாழும் விலங்கைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கூட்டு முயலுக்கு இது பொருந்தாது. எமது காடுகளிலும் பற்றைகளிலும் ஓடித்திரியும் முயல் வேறு. வீட்டில் வளர்க்கப்படும் முயல் வேறு. வீட்டு முயலின் மூதாதையர் ஐரோப்பாவின் ஸ்பெயின், போர்த்துக்கல் பகுதிகளைச் சேர்ந்தவை. மலையகத்தை அழகுபடுத்தும் மலர்களிற் பலவும் தென்னாபிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவை. இவ்வாறு வெவ்வேறு கண்டங்களிலிருந்து வந்து ஒரே வாசலில் சந்தித்த பிராணியும் செடியும் ஒன்றையொன்று அறிந்திருக்கும் என எதிர்பார்க்க முடியாது. அத்துடன், நாள் முழுவதும் அடைபட்டிருக்கும் முயல், பசியாலும் சலிப்பாலும் எட்டியதைக் கடித்தே தீரும். அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிப்பது அதற்கு இன்றியமையாத தேவையுமாகும்.

முயலின் உடலமைப்பும் இவ்விடயத்தில் அதற்குப் பாதகமாகவே அமைந்துள்ளது. நாயும் பூனையும் ஒவ்வாததைத் தின்றால் வாந்தி எடுத்து வெளியேற்றிவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய நஞ்சு அதன் குடலுக்குச் சென்றே தீரும். மேலும், அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் வாழும் நுண்ணங்கிகளே புல்லைச் சமிபாடடையச் செய்கின்றன. அவை பாதிக்கப்பட்டுக் குடலின் இயக்கம் நின்றுவிட்டால், நஞ்சின் அளவு சிறிதாக இருப்பினும் உயிருக்கு ஆபத்து ஏற்படுகின்றது.

இனி, எமது பிரதேசத்தில் சாதாரணமாகக் காணப்படும் செடிகளில் எவை ஆபத்தானவை என்று நோக்குவோம். நீரோடைகளின் ஓரத்திலும் சதுப்பு நிலங்களிலும் வெண்ணிறப் புனல் போன்று பூக்கும் ஆரம் லில்லி முதலாவது. இதன் இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒட்சலேற்று எனும் ஊசி வடிவப் பளிங்குகள் உள்ளன. கடித்தவுடன் இவை வாயிலும் தொண்டையிலும் குத்தி எரிவையும் வீக்கத்தையும் உண்டாக்கும். வீட்டினுள் அலங்காரத்திற்காக வைக்கப்படும் டிபன்பேக்கியா, பிலோடென்ட்ரன், மணி பிளான்ட், பீஸ் லில்லி ஆகியவற்றிலும் இதே பளிங்குகள் காணப்படுகின்றன.

பாதையோரங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காள வடிவ மலர்களைக் கொண்ட மரச்செடி இரண்டாவது. ஊமத்தையின் நெருங்கிய உறவான இதில் அற்றோபின் வகையைச் சேர்ந்த நஞ்சுகள் உள்ளன. இங்கு ஒரு விசித்திரத்தைக் குறிப்பிட வேண்டும். சில முயல்களின் உடலில் அற்றோபினைச் சிதைக்கும் நொதியம் ஒன்று இயற்கையாகவே உண்டு. அவை இந்நஞ்சைத் தின்றும் உயிர் தப்புகின்றன. ஆனால் எல்லா முயல்களுக்கும் அந்நொதியம் இல்லை. எனவே "பக்கத்து வீட்டு முயல் தின்றது, ஒன்றும் ஆகவில்லை" என்பது ஒருபோதும் சான்றாகாது. முயல் தின்ற செடி என்பதால் அது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பானது என்று எண்ணுவது அதனினும் பெரிய தவறாகும்.

மணி வடிவ மலர்களை அடுக்கடுக்காகத் தாங்கும் டிஜிட்டாலிஸ் செடி இருதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது. 1785 இல் ஆங்கிலேய வைத்தியரான வில்லியம் விதரிங் இச்செடியின் மருத்துவப் பயனைப் பற்றி நூலொன்றை வெளியிட்டார். இதே இனச் செடியிலிருந்து பெறப்படும் டிஜொக்சின் இன்றும் இருதய நோயாளருக்கு வழங்கப்படுகின்றது. சிறிதளவில் மருந்தாகும் பொருள், ஏறக்குறைய இரண்டு கிலோ நிறையுள்ள பிராணிக்கு ஓரிரு இலைகளிலேயே நஞ்சாகலாம். வழிபாட்டிற்காக வளர்க்கப்படும் அலரியும், சாடிகளில் வளர்க்கப்படும் கலஞ்சோவும் இவ்வாறே இருதயத்தைப் பாதிப்பவை. அசேலியா, ரொடொடென்ட்ரன், ஹைட்ரேஞ்சியா, நித்தியகல்யாணி, உண்ணிச்செடி, காட்டோரத்துப் பிரேக்கன் பன்னம் ஆகியவற்றையும் முயலுக்கு எட்டாத தூரத்திலேயே வைத்திருத்தல் வேண்டும்.

ஆபத்து பூச்செடிகளோடு முடிந்துவிடுவதில்லை. நுவரெலியா மாவட்டம் மரக்கறிக்குப் பெயர்போனது. தோட்டத்தில் எஞ்சும் இலைகளை முயலுக்குப் போடுவது எமது வழக்கமாகும். உருளைக்கிழங்குச் செடியின் இலை, தண்டு, பச்சை நிறமாகிய கிழங்கு ஆகியவற்றில் சொலனின் எனும் நஞ்சு உண்டு. தக்காளி இலையையும் தவிர்க்க வேண்டும். லீக்ஸ், வெங்காயம், பூண்டு என்பன முயலின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடியவை. வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோவின் இலையும் பழமும் முயலுக்குக் கேடு விளைவிப்பவை. தேயிலைக் கொழுந்தில் கஃபீன் இருப்பதால் அதனையும் தீனியாக இடலாகாது.

அவ்வாறாயின் முயல் உள்ள வீட்டில் பூச்செடியே வைக்கக்கூடாதா என்ற வினா எழலாம். அவ்வாறில்லை. மலையகக் குளிரில் செழித்து வளரும் ரோஜா முயலுக்குப் பாதுகாப்பானது. அதன் இதழ்களையும் இலைகளையும் முயல் விரும்பித் தின்னும். செம்மஞ்சள் நிறத்தில் படர்ந்து பூக்கும் நஸ்டர்ஷியம், பேன்ஸி, கலெண்டுலா, சூரியகாந்தி, செவ்வரத்தை ஆகியனவும் அச்சமின்றி வளர்க்கக்கூடியவை. வீட்டினுள் வைப்பதற்குச் சிலந்திச் செடியும் ஆபிரிக்க வயலட்டும் உகந்தவை. துளசி, புதினா, கொத்தமல்லி போன்றவை வீட்டாருக்கும் முயலுக்கும் ஒருங்கே பயன்படும். கரட் இலையும் நல்ல தீனியே. ஆயினும் இவை யாவும் சிறிதளவில் கொடுக்கப்பட வேண்டியவை. முயலின் உணவில் பெரும்பகுதி புல்லாகவோ உலர்ந்த புல்லாகவோ இருத்தல் அவசியம். புதிய இலை எதையும் ஒரு நேரத்தில் ஒன்றாக, சிறிது சிறிதாகப் பழக்குவதே சிறந்தது.

செடியைத் தெரிவு செய்யும்போது பெயரை மட்டும் நம்புதல் கூடாது. லில்லி என்ற ஒரே பெயரால் ஆரம் லில்லியும் பீஸ் லில்லியும் உண்மையான லில்லியும் அழைக்கப்படுகின்றன. செவ்வந்தி என்ற சொல்லையும் வெவ்வேறு பூக்களுக்கு நாம் வழங்குகின்றோம். ஏப்ரல் மாத வசந்த காலத்தில் நுவரெலியாவில் செடி வாங்குவோர், விற்பவரிடம் அதன் தாவரவியற் பெயரைக் கேட்டறிவது நன்று. பெயர் தெரியாத செடியை நஞ்சுள்ளதாகவே கருதி நடப்பதில் நட்டம் எதுவுமில்லை. உயரத்தில் தொங்கவிட்டால் போதும் என்று எண்ணுவோரும் உளர். உதிரும் இலையும் பூவும் தரைக்கே வருகின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான மற்றொரு விடயம் உண்டு. பாதுகாப்பான செடியும் மருந்து தெளிக்கப்பட்டால் நஞ்சாகிவிடும். கடையில் வாங்கும் பூக்களிலும் புதிய சாடிச் செடிகளிலும் பீடைநாசினி எஞ்சியிருக்கலாம். அவற்றை உடனடியாக முயலுக்கு அருகில் வைத்தலாகாது. தேயிலை மலைகளின் ஓரத்தில் அறுக்கும் புல்லுக்கும் இது பொருந்தும். கிளைபோசேற் களைநாசினி 2015 இல் தடை செய்யப்பட்டு, 2018 இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. எந்த மலையில் எப்போது மருந்து அடித்தார்கள் என்பதை வெளியார் அறியார். தோட்டத்தில் வேலை செய்வோர் அறிவர். புல் அறுக்க அனுப்பும் பிள்ளைகளுக்கு அதனை முன்கூட்டியே சொல்லி வைப்பது பெற்றோரின் கடமையாகும்.

முயல் உண்ண மறுத்தல், புழுக்கை இடாதிருத்தல், எச்சில் வடித்தல், பல்லை நெரித்தல், முதுகைக் கூனிக்கொண்டு அசையாதிருத்தல் ஆகியன ஆபத்தின் அறிகுறிகளாகும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாத முயலை "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டுவைத்தல் கூடாது. எண்ணெய், உப்புநீர் போன்றவற்றைப் புகட்டுவதும் தவறு. தின்றதாகச் சந்தேகிக்கப்படும் செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை வைத்தியரிடம் விரைதல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை இயங்கி வருகின்ற போதிலும், நானுஓயாவிலிருந்து அங்கு செல்லப் பல மணி நேரம் செல்லும். மலையகத்தில் வாழும் எமக்கு வருமுன் காத்தலே உகந்த வழி என்பதற்கு இத்தூரமே போதிய காரணமாகும். நஞ்சுண்டு இறந்ததாகச் சந்தேகிக்கப்படும் முயலின் இறைச்சியை எக்காரணம் கொண்டும் உண்ணலாகாது.

ஒரு முயல்தானே என்று சிலர் கருதலாம். ஆனால் லயன் அறையின் குறுகிய வாசலில் முயலுக்கு எட்டும் செடி, தவழும் குழந்தைக்கும் எட்டுகின்றது. எக்காள மலரும் அலரியும் டிஜிட்டாலிஸும் மனிதரையும் கொல்ல வல்லவை. முயலுக்காக நாம் ஒதுக்கும் செடி பல வேளைகளில் எமது பிள்ளையையும் காக்கின்றது. இன்று மாலை வீடு திரும்பியதும் வாசலில் உள்ள சாடிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொன்றின் பெயரையும் பிள்ளைகளிடம் கேட்போம். பெயர் சொல்ல முடியாத செடியை அன்றே முயற்கூட்டிற்கு அப்பால் நகர்த்தி வைப்போம்.