மண் ஈரக் கருவி: பேட்டரி அறுவடை வரை தாங்க என்ன வழி?

புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வெள்ளாமை எடுக்கும் பூமி கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல். மேலுரம் எப்போது இடுவது, பண்ணைக்குட்டைத் தண்ணீரை எந்த வாரம் பாய்ச்சுவது என்பதையெல்லாம் இங்கே மண்ணின் ஈரம்தான் முடிவு செய்கிறது. ஈரத்தை அளந்து சொல்லும் சென்சார் கருவியைக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். ஆனால், மானாவாரிக் காட்டில் கரன்ட் இருக்காது. வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் சின்ன சோலார் பலகையும் கைகொடுக்காது. பேட்டரி பாதியில் தீர்ந்தால், ஈரம் பார்க்க வேண்டிய நாளில் கருவி ஊமையாகிவிடும்.

வேகம் குறைந்தால் செலவு குறையும்

கருவியின் மூளை, மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிப். அதற்குள் ஒரு கிளாக் துடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் மின்சாரம் செலவாகும். ஆயில் இன்ஜின் வேகத்தைக் குறைத்தால் டீசல் மிச்சமாவதுபோலத்தான் இதுவும்.

பரவலாகக் கிடைக்கும் அட்மெகா 328பி சிப்பில் 8 மெகாஹெர்ட்ஸ் கிளாக் உள்ளேயே இருக்கிறது. அதை எட்டில் ஒரு பங்காக்கி, 1 மெகாஹெர்ட்ஸிலும் ஓட்டலாம். 3 வோல்ட்டில் 8 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 3 மில்லி ஆம்பியர் இழுக்கும். 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் அரை மில்லி ஆம்பியர்தான். 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் முதலாவது 27 நாள் ஓடும். இரண்டாவது 160 நாளைத் தாண்டும். இது சிப்புக்கு மட்டுமான கணக்கு. பலரும் பழகும் ஆர்டுயினோ ஊனோ போர்டு 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. விளக்கு, யு.எஸ்.பி. சிப் எல்லாம் சேர்ந்து 40 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், அதே பேட்டரி இரண்டே நாளில் காலியாகும்.

இன்னொரு லாபமும் உண்டு. 16 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 4 வோல்ட் வேண்டும். 4 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓட்டினால் 1.8 வோல்ட் வரை சிப் வேலை செய்யும். அதனால் இரண்டு பேட்டரி செல்களின் சக்தியைக் கடைசிவரை பயன்படுத்தலாம்.

தூக்கமே பெரிய சேமிப்பு

வேகத்தைக் குறைத்தால் அதே வேலைக்கு நேரம் கூடும். எனவே, வேகக் குறைப்பு மட்டும் போதாது. மண் ஈரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. ஒரு மணிக்கு ஒரு தடவை விழித்து அளந்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் சிப்பைத் தூங்க வைக்கலாம். தூக்கத்தில் அது இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். சென்சாருக்கும் அளக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் போக வேண்டும். எப்போதும் இணைத்தே வைத்தால், சிப்பில் மிச்சம் பிடித்ததை சென்சார் தின்றுவிடும்.

கவனிக்க வேண்டியவை

உள் கிளாக் 10 சதவிகிதம்வரை பிசகலாம். மணி துல்லியமாக வேண்டுமென்றால் தனிக் கடிகார சிப் தேவை. கிளாக் அமைப்பை மாற்றும்போது, இல்லாத வெளி கிறிஸ்டலைத் தேர்வு செய்துவிட்டால் சிப் பதிலே சொல்லாது. பழகியவர் துணையோடு மாற்றுவது நல்லது.

கரிசல் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பில் சென்சார் மாட்டினால், அடியில் ஈரம் இருந்தாலும் காய்ந்துவிட்டதாகவே காட்டும். மண்ணை ஒட்டி இறுக்கிப் புதைக்க வேண்டும். பயிருக்கேற்ற ஆழத்தை, 1901-ல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கருவி வாங்குகிறவர்கள் மூன்று கேள்வி கேட்டால் போதும்: எத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது? இடைவேளையில் தூங்குகிறதா? சென்சாருக்கு மின்சாரம் நிற்கிறதா? மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால், விதைப்பில் போட்ட பேட்டரி அறுவடை வரை தாங்கும்.