குட்டி ரயிலுக்கு எந்த சுவிட்ச்? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

சித்தப்பா வீட்டு ஹால்ல ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. பிளைவுட் பலகை, அதுமேல தண்டவாளம், ஒரு பிளாட்ஃபாரம், ஒரு லூப் லைன். எல்லாமே நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு. இதுக்கு ஹெச்.ஓ ஸ்கேல்னு பேரு. ரிட்டையர் ஆகுற வரைக்கும் ஸ்டேஷன் கேபின்ல லீவர் இழுத்தவர் அவர். இப்போ அதே வேலையை விரல் நுனியில செய்யணும்னு ஆசை.

போன வருஷம் ஒரு சாயங்காலம், அந்தப் பலகைக்கு அடியில இருந்து பிளாஸ்டிக் கருகுற வாசனை. லண்டன்ல இருந்து சொந்தக்காரர் பெட்டியில வந்த பாயின்ட் மோட்டார் காலி. காரணம், ஒரு சுவிட்ச். வாங்கிக் கொடுத்தது நான்தான். "பரவாயில்லம்மா"ன்னு சொன்னார். ஆனா, அதுக்கப்புறம் ஒரு மாசம் அந்தப் பலகை பக்கமே அவர் போகலை.

அந்தத் தப்பை நீங்க பண்ண வேண்டாம். அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

சுவிட்ச் எதுக்கு?

ஒரு லைன் ரெண்டா பிரியுற இடத்தை நம்ம ரயில்வேக்காரங்க 'பாயின்ட்'னு சொல்வாங்க. அமெரிக்காவுல 'டர்ன்அவுட்'. அங்கே நகர்ற ரெண்டு மெல்லிய தண்டவாளத் துண்டுதான் ரயில் நேரா போகுமா, பக்கத்து லைனுக்குப் போகுமான்னு முடிவு பண்ணும். மாடல் ரயில்ல அதைத் தள்ளுறது பலகைக்கு அடியில இருக்குற குட்டி மோட்டார். அந்த மோட்டாருக்குக் கட்டளை போடுறதுதான் டாகிள் சுவிட்ச்... அதாவது, பழைய ஸ்டெபிலைசர்ல பார்த்திருப்பீங்களே, மேலயும் கீழயும் தட்டுற குச்சி சுவிட்ச், அதேதான்.

இங்கேதான் முதல் பாடம். சுவிட்ச்சைப் பார்த்து மோட்டார் வாங்காதீங்க. மோட்டாரைப் பார்த்து சுவிட்ச் வாங்குங்க!

உங்க மோட்டார் எந்த ரகம்?

1. ரெண்டு காயில் ரகம்: பீக்கோ பிஎல் 10 மாதிரி. ஒரு காயிலுக்குக் கரன்ட் போனா இடப்பக்கம், இன்னொண்ணுக்குப் போனா வலப்பக்கம், 'டக்'னு அடிக்கும். இதுக்கு வேண்டியது ஒரு நொடிக்கும் குறைவான கரன்ட். ஆனா, அந்தக் கண நேரத்துல சில ஆம்பியர் இழுக்கும். விடாம கரன்ட் போனா காயில் சூடாகிக் கருகிடும். சித்தப்பா வீட்டுல நடந்தது இதுதான்.

2. ரெண்டு வயர், ஒரே காயில் ரகம்: கேட்டோ யூனிட்ராக் பாயின்ட்கள் இப்படித்தான். பிளஸ், மைனஸை மாத்திக் கொடுத்தா திசை மாறும். இதுக்கும் கண நேரக் கரன்ட் போதும்.

3. மெதுவா நகர்ற ரகம்: டார்ட்டாய்ஸ் மோட்டார் மாதிரி. பேருக்கேத்த ஆமைதான். நிஜ பாயின்ட் மாதிரி நிதானமா நகர்ந்து, கடைசியில முட்டி நிக்கும். நின்ன பிறகும் கரன்ட் போய்க்கிட்டே இருக்கலாம். சுமார் 16 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். இதுக்கும் பிளஸ், மைனஸ் மாறணும்.

நம்பர்ல இருக்கு சூட்சுமம்

மினி டாகிள் சுவிட்ச்கள் பெரும்பாலும் 'எம்டிஎஸ்'னு ஆரம்பிக்கிற நம்பரோட வரும். இந்த நாலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

- எம்டிஎஸ் 123: மூணு கால். நடுவுல ஆஃப். எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை எடுத்ததும் ஸ்பிரிங் மாதிரி நடுவுக்கு வந்துடும். முதல் ரகத்துக்கு இது.
- எம்டிஎஸ் 223: ஆறு கால். இதுவும் ஸ்பிரிங் ரகம். ரெண்டாவது ரகத்துக்கு இது.
- எம்டிஎஸ் 202: ஆறு கால். ரெண்டே நிலை. தள்ளின இடத்துல அப்படியே நிக்கும். ஆமை மோட்டாருக்கு இது.
- எம்டிஎஸ் 103: மூணு கால். நடுவுல ஆஃப். ஆனா, ஸ்பிரிங் கிடையாது. காயில் மோட்டாருக்கு இதுதான் எமன்!

103, 123... பார்க்க ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். நான் மாட்டினது அங்கேதான். பாக்கெட்ல 'ஆன்'கிற வார்த்தையைச் சுத்தி அடைப்புக்குறி இருந்தா அது ஸ்பிரிங் ரகம்னு அர்த்தம். அதையும் கவனிங்க.

கடையில செய்ய வேண்டியது

சென்னைன்னா அண்ணா சாலையை ஒட்டின ரிச்சி ஸ்ட்ரீட்ல உதிரியாவே கிடைக்கும். ஒரு சுவிட்ச், டீ வடை செலவு ரேஞ்சுதான். ஆனா, அது தப்பாப் போனா எரியுறது பல மடங்கு விலை உள்ள மோட்டார்.

- கையில வாங்கி தட்டிப் பாருங்க. தானா நடுவுக்குத் திரும்புதா, இல்லையா? பத்து செகண்ட் டெஸ்ட். இதை நான் செஞ்சிருந்தா இந்தக் கட்டுரையே இல்லை!
- கால்கள்ல ஓட்டை இருக்குற, வயர் சால்டர் பண்ற ரகத்தைக் கேளுங்க. போர்டுல குத்துற மெல்லிய பின் ரகம் நமக்கு ஒத்துவராது.
- ஏசி ஆம்பியர் அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. டிசியில அதே சுவிட்ச் தாங்குற அளவு குறைவு. காயில் மோட்டாருக்கு அளவு தாராளமா இருக்கட்டும்.
- தேவைக்கு மேல ரெண்டு சேர்த்து வாங்குங்க. சால்டரிங் சூடு அதிகமானா உள்ளே பிளாஸ்டிக் இளகி, கால் ஆடும். முதல் சுவிட்ச்சுல பெரும்பாலும் இது நடக்கும்.

வயர் மாட்டும்போது

மூணு கால்ல நடுக்கால் சப்ளைக்கு, ஓரக்கால்கள் காயிலுக்கு ஒண்ணு. ரெண்டு காயிலோட மறுமுனையும் சேர்ந்து சப்ளையோட இன்னொரு வயருக்குத் திரும்பணும்.

ஆறு கால்ல நடு ரெண்டு காலும் மோட்டாருக்கு. ஒரு ஓரத்து ஜோடிக்கு பிளஸ், மைனஸ். அங்கிருந்து எதிர் ஓரத்துக்கு ரெண்டு வயரைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போடணும். அவ்ளோதான், தள்ளினா திசை மாறும்.

ஒரு குழப்பம் வரும். குச்சியை மேல தள்ளினா பெரும்பாலும் நடுக்காலும் *கீழ்க்காலும்தான்* சேரும். மல்டிமீட்டர்ல 'பீப்' கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

துளை 6 மில்லிமீட்டர் போதும். சுவிட்ச் கழுத்து குட்டை. தடிமனான பிளைவுட்ல நட்டு மாட்டாது. 2, 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட் சரியா இருக்கும்.

காயில் மோட்டார் வெச்சிருக்கவங்க கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் ஒண்ணும் சேர்த்துக்கோங்க. மின்சாரத்தைச் சேமிச்சு ஒரே அடியில கொடுக்கும். சுவிட்ச்சுல கை மாட்டிக்கிட்டாலும் காயில் தப்பிச்சுடும். வீட்டு 230 வோல்ட்டை எந்தக் காரணத்துக்கும் இந்த சுவிட்ச்சுக்குக் கொண்டு வராதீங்க. மோட்டார் கம்பெனி சொன்ன வோல்ட்டேஜுக்கு ஏத்த சப்ளை மட்டும்தான்.

மறுபடியும் ஒரு சாயங்காலம்

ரெண்டாவது மோட்டார் வந்தப்போ சித்தப்பா ஆமை ரகம்தான் வேணும்னுட்டார். "கேபின்ல லீவர் நிக்குற நிலையைப் பார்த்தே பாயின்ட் எந்தப் பக்கம்னு சொல்லிடுவோம். தானா நடுவுக்கு ஓடி வர்ற லீவரை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

யோசிச்சா நியாயம்தான். 202-ல குச்சி நிக்குற இடமே பாயின்ட் நிலையைச் சொல்லிடும். அக்ரிலிக் ஷீட்ல லைன் படத்தை வரைஞ்சு, பாயின்ட் இருக்குற இடத்துல சுவிட்ச்சை மாட்டினோம். இந்தத் தடவை தட்டிப் பார்த்து வாங்கினது அவரேதான்.

குச்சியைத் தள்ளினார். அடியில மெல்லிசா ஒரு உறுமல். ரயில் லூப் லைனுக்குத் திரும்புச்சு. கையை எடுக்காம, அது பிளாட்ஃபாரத்துல முழுசா வந்து நிக்குற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தார். பழைய பழக்கம்.