கம்பளிக்குள் கழிந்த பிள்ளைப் பருவம்

தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து 'கண்டிச் சீமை' எனப்பட்ட இலங்கை மலைநாட்டிற்கு வந்து, முதலில் கோப்பித் தோட்டங்களிலும், 1867 இல் லூல்கந்துர என்னும் தோட்டத்தில் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் தேயிலைச் செய்கையைத் தொடங்கிய பின் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்த குடும்பங்களுக்கு, மலைக்குளிரைத் தாங்கப் பருத்தித் துணி போதவில்லை. அக்குறையை ஈடுசெய்தது, தோட்ட நிர்வாகம் வழங்கிக் கூலிக் கணக்கில் விலையைக் கழித்துக்கொண்ட முரட்டு ஆட்டுமயிர்ப் போர்வையான கம்பளியாகும்.

அதனையோ கோணிச் சாக்கையோ மூலை உட்புறமாக மடித்துத் தலையில் கூம்பாகக் கவிழ்க்கும் மழைக்காப்பு 'கொங்காணி' எனப்பட்டது. இளவயதிலேயே வேலைக்குச் சென்ற சிறுவர் சிறுமியர், பெரியோருக்குரிய அளவிலான, நனைந்தால் பெரிதும் கனக்கும் இவ்வுடையையே அணிந்து வளர்ந்தனர். தேயிலை வரலாற்றில் இயந்திரங்களுக்குரிய மதிப்பு, இப்பிள்ளைகளைக் காத்த கம்பளிக்கும் உரியது.