மாதிரி சுழன்றது, குழாய் திரும்பியது

சில வருடங்களுக்கு முன் நிர்மாணக் கம்பனியொன்றின் இளம் பொறியியலாளர் என் ஹாட்வெயார் கடைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தார். ஏழு மாடிக் கட்டிடம் ஒன்று திரையில் சுழன்றது. தூண், கதவு, குழாய், வயர் எல்லாம் அதில் இருந்தன. "நானா, நாங்க இப்ப எல்லாத்தையும் பிம்மில தான் செய்றோம். ஓடர் பிழைக்காது" என்றார். நம்பி 60 நாள் கடனுக்குக் குழாய்களை லொறியில் ஏற்றினேன். மூன்றாம் வாரம் அதில் ஒரு பகுதி திரும்பி வந்தது. குழாய் போகவேண்டிய இடத்தில் கொங்கிரீட் பீம் நின்றதாம். பீமை ஒருவர் வரைந்திருக்கிறார், குழாயை வேறொருவர். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க எவருமில்லை. திரும்பிய சரக்குக்குக் கணக்கு முடிக்கும் வரை காசோலையும் பிந்தியது.

பிம் என்பது கட்டிடத்தை அதன் அளவு, பொருள் விபரங்களோடு கணினியில் முன்கூட்டியே அமைப்பது. ஒரு கம்பனியிடம் அது எந்தளவுக்கு ஊறியிருக்கிறது என்று அளக்க வெளிநாடுகளில் அளவுகோல்கள் உண்டு. பிரித்தானியாவில் 2008 இல் மார்க் பியூ, மேர்வின் ரிச்சர்ட்ஸ் இருவரும் 0 முதல் 3 வரை படிகள் வகுத்தனர். ஒழுங்கில்லாத வரைபடம் 0. ஒவ்வொரு துறையினரும் தம் மாதிரியை மற்றவர் திறக்கக்கூடிய வடிவில் பகிர்ந்தால் 2. 2011 இல் அந்நாட்டு அரசு, மத்திய அரசின் கட்டிட வேலைகளுக்கு 2016 இற்குள் இரண்டாம் படி கட்டாயம் என்று அறிவித்தது. என்னிடம் வந்தவர் காட்டியது அழகான படம்தான், ஆனால் அவர் நின்றது இரண்டாம் படிக்குக் கீழே.

அமெரிக்கரின் 2007 தரநியமம் 11 விடயங்களுக்கு, ஒவ்வொன்றிலும் 10 படி வைத்துப் புள்ளியிடுகிறது. பரீட்சைத் தாள் போல! ஆனால் அது மாதிரிக்குள் உள்ள தகவலுக்கு இடும் புள்ளி. அதைக் கையாளும் ஆட்களின் பழக்கத்தை அது பெரிதாகத் தொடுவதில்லை. நமக்கு வேண்டியதோ அதுதான்.

இது சின்ன விடயமல்ல. ஒருவர் கணினியிலுள்ள விபரம் மற்றவர் கணினிக்கு ஒழுங்காகப் போய்ச் சேராததால் அமெரிக்கக் கட்டிடத் துறைக்கு வருடத்துக்கு 15.8 பில்லியன் டொலர் நட்டம் என்று அந்நாட்டு அரச நிறுவனமான நிஸ்ட் 2004 இல் கணக்கிட்டது. மூன்றில் இரண்டு பங்கு கட்டிட உரிமையாளர்களினதும் அதை நடத்துபவர்களினதும் தலையில் விழுந்தது.

கடன் கேட்டு வருபவரிடம் எந்த மென்பொருள் என்று நான் இப்போது கேட்பதில்லை. விலை கொடுத்தால் யாரும் வாங்கலாம். குழாயும் பீமும் மோதுகிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அந்த அறிக்கை எங்கே என்று கேட்பேன். ஓடரிலுள்ள தொகை மாதிரியிலிருந்து வந்ததா, யாராவது உட்கார்ந்து கையால் எண்ணினாரா? பிளான் மாறினால் எனக்கு எத்தனை நாளில் அறிவிப்பீர்கள்? கடந்த வேலையில் எவ்வளவு சரக்கு திருப்பினீர்கள் என்றும் கேட்பேன். இதற்குத்தான் பலர் முகம் மாறும்.

அதே கம்பனி மறுபடியும் வந்தது. இம்முறை மோதல் அறிக்கை கையில் இருந்தது, அதில் திருத்திய திகதிகளும் இருந்தன. திருப்பிய சரக்கின் கணக்கு மட்டும் இல்லை. பாதியைக் கடனுக்கும் பாதியைக் காசுக்கும் கொடுத்தேன்.