அனுபவமிக்க நிரலாளரும் செயற்கை நுண்ணறிவு உதவிக்கருவிகளும்

முன்னுரை

கணினி நிரல் எழுதுவதில் செயற்கை நுண்ணறிவு உதவிக்கருவிகள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. இவை பணியை விரைவுபடுத்துகின்றன என்பது பொதுவான கருத்து. நீண்ட அனுபவமுடைய நிரலாளர்க்கும் இக்கருத்துப் பொருந்துமா என்பதை இரண்டு சோதனைகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

இரு சோதனைகள்

கிட்ஹப் கோபைலட் கருவியைக் கொண்டு நிகழ்த்தப்பெற்று 2023இல் வெளியான சோதனையில் 95 நிரலாளர்கள் பங்கேற்றனர். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஓர் எளிய வலைச் சேவையகத்தைப் புதிதாக எழுதுவதே பணி. கருவியைப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 55.8 விழுக்காடு விரைவாக முடித்தனர்.

2025இல் எம்.இ.டி.ஆர். என்னும் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட சோதனையின் களம் வேறு. திறமூல மென்பொருள்களில் சராசரியாக ஐந்தாண்டுகள் உழைத்த 16 பேர், தாம் நன்கறிந்த அம்மென்பொருள்களிலேயே 246 பணிகளைச் செய்தனர். எப்பணிக்குக் கருவியைப் பயன்படுத்தலாம் என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. நேரம் 24 விழுக்காடு குறையும் என அவர்கள் முன்னர் எதிர்பார்த்தனர். 20 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் நம்பினர். உண்மையில் நேரம் 19 விழுக்காடு கூடியிருந்தது.

வேறுபாட்டிற்கான காரணம்

டென்மார்க்குக் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985இல் எழுதிய கட்டுரை இங்குக் கருதத்தக்கது. நிரலின் உயிர் அதன் வரிகளில் இல்லை. அதை உருவாக்கியோர் மனத்தில் உள்ள புரிதலிலேயே உள்ளது என்பது அவர் கொள்கை. ஒரு பகுதி ஏன் இவ்வாறு அமைந்தது, எம்மாற்றம் எதைப் பாதிக்கும் என்பனவெல்லாம் அப்புரிதலுள் அடங்கும். கருவி காண்பது பெரும்பாலும் எழுதப்பட்டவற்றையே. ஆகவே பழைய, பெரிய மென்பொருளில் அது தரும் வரிகளைப் படித்துச் சோதித்துத் திருத்த நேரம் செலவாகிறது. அச்சோதனையில் கருவி தந்தவற்றுள் பாதிக்கும் குறைவானவையே ஏற்கப்பட்டன. புதிய சிறு நிரலுக்கோ முந்தைய வரலாறு இல்லை. அங்குக் கருவி விரைகிறது.

முடிவுரை

16 பேரைக் கொண்ட சோதனை இறுதித் தீர்ப்பாகாது. கருவிகளும் நாள்தோறும் மேம்படுகின்றன. எனினும் விரைவு பற்றிய தன்னுணர்வு நம்பத்தக்க அளவுகோல் அன்று என்பது தெளிவு. பழகாத மொழியிலும் சிறு முயற்சிகளிலும் கருவியைத் துணைக்கொள்ளலாம். தாம் பேணும் மென்பொருளில், எடுத்த நேரத்தைக் குறித்து ஒப்பிட்ட பின்னரே அதனைச் சார்தல் தகும். புரிந்துகொள்ளாமல் ஏற்கப்படும் ஒவ்வொரு வரியும் அம்மென்பொருளை அறிந்தவர் ஒருவரின் அறிவைக் குறைக்கிறது. பழுது நேரும் நாளில் அவ்வறிவே தேவைப்படும்.