கம்பெனியில் கண்ணாடி, வீட்டில் வெறுங்கண்: ‘கட்டிங் மெஷின்’ எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் உள்ள குருபரப்பள்ளி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் சேஃப்டி ஷூ, கண்ணாடி இல்லாமல் மெஷின் பக்கமே விடமாட்டார்கள். ஷிஃப்டில் அதையெல்லாம் ஒழுங்காகப் போடுபவர்தான், ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் லுங்கியோடு உட்கார்ந்து, இரும்புக் கம்பியைக் காலால் மிதித்துக்கொண்டு கட்டிங் மெஷினை ஓட்டுகிறார். கேட்டால், ‘ரெண்டு நிமிஷ வேலைதானே?’ என்பார்.

சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு, தொழிலாளியின் கண்ணுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றை 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே (பிரிவு 21, 35) கட்டாயமாக்கியது. வீட்டில் அப்படிச் சட்டமும் இல்லை, கேட்க சூப்பர்வைசரும் இல்லை. ஆனால், மெஷினின் வேகம் மட்டும் குறைவதில்லை.

எவ்வளவு வேகம்?

கட்டிங் மெஷின் எனப்படும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் பொதுவாக நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். அப்போது டிஸ்க்கின் விளிம்பு மணிக்குச் சுமார் 200 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. டிஸ்க் உடைந்தால், துண்டுகளும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் பறக்கும். அவற்றை முகத்துக்கு வராமல் தடுப்பது, பலரும் ‘இடைஞ்சல்’ என்று கழற்றிப்போடும் அந்த இரும்புக் கவர்தான்.

கவரைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் மாட்டுவது இன்னும் ஆபத்து. 7 அங்குல டிஸ்க் பொதுவாக 8,500 சுற்று வரைதான் தாங்கும்; சின்ன மெஷினில் அது சிதறலாம். டிஸ்க்கில் அச்சிட்ட சுற்று எண், மெஷினில் உள்ள எண்ணைவிடக் குறையவே கூடாது. விரிசல் விட்ட, நனைந்த, காலாவதியான டிஸ்க் வேண்டாம்.

மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டவே கூடாது. பல் மரத்தில் சிக்கினால், மெஷின் சட்டென்று கையைவிட்டுத் துள்ளும். மரத்துக்கு அதற்கென உள்ள ரம்பம்தான் சரி. எதை வெட்டினாலும் காலால் மிதிக்காமல், கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள்.

டிரில்லிங்கில் கையுறை போடலாமா?

வேண்டாம். நூல் கையுறை சுற்றும் பிட்டில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தொங்கும் ஐ.டி. கார்டு, விரித்த கூந்தலுக்கும் இதே ஆபத்துதான். கண்ணாடி மட்டும் கட்டாயம். சாதாரண பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டையும் மூடும் சேஃப்டி கண்ணாடி தேவை.

டி.வி. மாட்டச் சுவரில் துளை போடுகிறீர்களா? சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் ஓடலாம். அந்த வரிசையைத் தவிருங்கள். பேட்டரி டிரில் இருந்தால், மெயினை ஆஃப் செய்துவிட்டே வேலையை முடிக்கலாம்.

எம்.சி.பி. இருக்கே, போதாதா?

போதாது. எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, ஆளை அல்ல. ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டால், உடலில் சுமார் 0.2 ஆம்பியர் பாயலாம். உயிரைப் பறிக்க அது போதும். ஆனால், 6 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. மெஷின் எடுக்கும் முன் அதிலுள்ள ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்திப் பாருங்கள். டிஸ்க், பிட் மாற்றும்போது சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்றிவிட வேண்டும்.

அடிபட்டுவிட்டால்?

கண்ணில் துகள் குத்தினால் தேய்க்கக் கூடாது, பிடுங்கவும் கூடாது. நேராகக் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். விரல் துண்டானால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி 108-ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது.

இ.எஸ்.ஐ. பணம் கிடைக்குமா?

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வேலையின்போது காயம்பட்டால், குணமாகும் வரை சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். விரல் போய் நிரந்தர ஊனம் ஏற்பட்டால், மாதாமாதம் தனிப் பயனும் உண்டு. வீட்டில் நடந்தது ‘வேலை சார்ந்த காயம்’ ஆகாது. இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும்; தகுதி இருந்தால், நோய்க்காலப் பயனாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஊனத்துக்கான மாதாந்தரத் தொகை கிடையாது.

ஆக, கம்பெனியில் போனால் ஓரளவாவது இழப்பீடு தரும் அதே விரலுக்கு, வீட்டில் போனால் அதுவும் இல்லை. திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போக வேண்டிய கை அது. கம்பெனியில் போடும் கண்ணாடியைப் போல இன்னொன்றை வாங்கி, வீட்டு டூல் பாக்ஸிலும் வையுங்கள். ரெண்டு நிமிஷ வேலைக்கும் அது வேண்டும்.