முதலில் யார்?

போர்க்களத்தில் வீழ்ந்தவனைப் போர் ஓய்ந்த பின்னரே தூக்குவது ஒரு காலத்து வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐரோப்பியப் படைகளின் வைத்திய வண்டிகள் களத்திற்கு வெகு தொலைவிலேயே நின்றன. குருதி சிந்திக் கிடந்தோரிற் பலர், வண்டி வருமுன்னரே உயிர் நீத்தனர்.

இக்கொடுமையைக் கண்டு பொறாதவர், பிரெஞ்சுப் படையின் சத்திர வைத்தியர் டொமினிக் ஜான் லாரே (1766-1842). 1792ஆம் ஆண்டில் ரைன் படையிற் பணிபுரிந்தபோது, குதிரைகள் விரைந்து இழுக்கும் இலேசான வண்டிகளை அவர் திட்டமிட்டார். 'பறக்கும் அம்புலன்ஸ்' என அவை பெயர் பெற்றன.

வண்டியினும் பெரிது அவர் வகுத்த நெறி. பதவியும் பட்டமும் பாராது, கடுங்காயமுற்றவனுக்கே முதற் சிகிச்சை என்றார். தளபதியின் கீறலுக்கு முன்னே சிப்பாயின் சிதைந்த கால்! பகைவனும் இந்நெறிக்குப் புறம்பானவனல்லன்.

இன்றைய அவசர சிகிச்சை வைத்தியர் இந்நெறியின் வாரிசு. ஆயினும் அவர் பணி தனித்துறையாக மலர நெடுங்காலம் சென்றது. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரில், 1961இல் ஜேம்ஸ் மில்ஸ் என்பவரும் வேறு மூவரும் தம் சொந்தத் தொழிலைக் கைவிட்டு, வைத்தியசாலையின் அவசரப் பிரிவை இரவு பகலாகக் காக்க முன்வந்தனர். 1979இல் அந்நாடு இதனைத் தனி வைத்தியத் துறையாக ஏற்றது.

இவர் முன் வருபவர் எவரும் நோயின் பெயரோடு வருவதில்லை. மூச்சுவழி திறந்துளதா, சுவாசம் நிகழ்கிறதா, குருதியோட்டம் உளதா என்பனவே முதல் வினாக்கள். நோயின் பெயரைப் பின்னர் தேடலாம். ஓலமிடுபவனுக்கு ஓலமிடவேனும் மூச்சுண்டு. மூலையில் அரவமின்றிச் சாய்ந்திருப்பவனையும் அவர் கண் தேடியாக வேண்டும்.

பேரழிவு வேளையிலோ சோதனை இன்னும் கொடிது. நூறு பேர் ஒருங்கே கிடக்க, வைத்தியர் இருவரே உள்ளபோது, பிழைக்க வழியற்றவனை விட்டுப் பிழைக்கக்கூடியவனிடம் செல்லவேண்டும். பலரைக் காக்க ஒருவனைக் கடந்து செல்லும் அந்தச் சில அடிகளின் பாரத்தை எந்தக் கருவியும் அவருக்காகச் சுமப்பதில்லை.

வைத்தியசாலை வாசலில் நமக்குப் பின் வந்தவரை முன்னே அழைத்துச் செல்கையில் நமக்குச் சினம் மூள்வது இயல்பே. ஆனால், காத்திருக்கலாம் என்று சொல்லப்படுவது அங்கே அவமதிப்பன்று. நம்மினும் சாவுக்கு அணித்தே ஒருவர் இருக்கிறார் என்பதே அதன் பொருள்.